முகவரி இல்லாத ஊரில் ஒரு முகநூல் கடை

மலைநாட்டுத் தேயிலைக்கு உலகெங்கும் முகவரி உண்டு. பக்தாத்திலும் மொஸ்கோவிலும் இஸ்தான்புல்லிலும் கடைத் தட்டுகளில் அது இருக்கிறது. 'சிலோன் டீ' என்று சொன்னால் போதும், வேறு அறிமுகம் தேவையில்லை. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறிக்கின்ற மக்கள் வாழும் லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் ஒழுங்கான முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கடிதம் தோட்ட அலுவலகம் வரைக்கும் வரும். அங்கிருந்து வீட்டுக்கு வந்து சேர்வது அவரவர் அதிர்ஷ்டம். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அதற்கான அழைப்புக் கடிதம் வந்த கதைகளை ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். சந்தைப்படுத்தல் பாடத்தில் நான்கு விடயங்களை மனனம் செய்திருக்கிறோம்: பொருள், விலை, இடம், மேம்படுத்தல். அமெரிக்கப் பேராசிரியர் மெக்கார்த்தி 1960ஆம் ஆண்டு இந்த நான்கையும் ஒன்றாக வகுத்தார். இன்று சமூக ஊடகத்தில் வியாபாரம் செய்வது பற்றிப் பேசும் எல்லோரும் நான்காவதைப் பற்றியே பேசுகிறார்கள். எப்படிப் படம் எடுப்பது, எத்தனை லைக் வாங்குவது, எந்த நேரத்தில் பதிவிடுவது என்பதே பேச்சு. எங்கள் வீட்டில் ஒரு சிறிய வியாபாரம் தொலைபேசிக்குள் குடிபுகுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். மலையகத்தில் ஒரு கடையைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அந்த மூன்றாவது விடயமான 'இடம்'தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வியாபாரம் தொடங்கியது வாப்பாவின் வாப்பாவிடமிருந்து. அவரை நாங்கள் 'அப்பா' என்போம். மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்போம். "அப்பாவுக்கு அப்பா அப்பா, அக்கா தாத்தாவா!" என்று தோட்டத்து அக்காமார் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

அப்பா பொட்டணி வியாபாரி. புடவைகளை ஒரு பெரிய துணியில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டம் தோட்டமாக நடந்தவர். அவருடைய மூட்டையைவிடப் பெறுமதியானது அவரிடமிருந்த கொப்பி. அது இன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குடும்பத்தின் பெயர், தோட்டம், டிவிஷன், பிறகு அடையாளம்: 'பீலிக்கு மேல் மூன்றாவது காம்பரா', 'மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால்', 'கொய்யா மரத்து வீடு'. தபால் திணைக்களம் கொடுக்காத முகவரியை அப்பா தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். அந்தந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு எந்த அளவு, யாருக்குச் சிவப்புப் பிடிக்காது என்பதும் அதிலே இருக்கும். துணியை முதலில் கொடுத்துவிட்டுச் சம்பள நாளில் காசு வாங்குவார். தீபாவளி முற்பணம் கொடுக்கும் வாரம் அவருக்கு உறக்கமில்லாத வாரம்.

1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் அப்பாவின் வாடிக்கையாளர்கள் பலர் இந்தியாவுக்குப் போனார்கள். ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் போகிற பயணம். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் அப்பா கடனை அடித்துவிட்டு, 'போய்ட்டாங்க' என்று மட்டும் எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் நம்பிக்கை என்ற பாடத்தை நான் படித்தது அந்தப் பக்கங்களில்தான்.

பொட்டணி, பிறகு ஹட்டன் நகரில் ஒரு சிறிய புடவைக் கடையானது. வாப்பா அதை நடத்தினார். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குள் நிற்க இடமிருக்காது. தீபாவளிக்குத் தோட்டத்துச் சனம், நத்தாருக்கு ஒரு கூட்டம், நோன்பின் கடைசிப் பத்தில் எங்கள் சனம், சித்திரைக்கு எல்லோரும். விளம்பரம் என்று வாப்பா செய்தது வருடத்துக்கு ஒரு கலண்டர் அச்சடித்துக் கொடுத்தது மட்டுமே.

விளம்பரத்தின் வலிமை எங்கள் மலைகளுக்குப் புதிதல்ல. தோமஸ் லிப்டன் என்ற பெயரை அறியாதவர் இருக்க முடியாது. அவர் 1871இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சிறிய மளிகைக் கடையொன்றுடன் தொடங்கியவர். 1881 நத்தாருக்கு ஒரு மாபெரும் பாலாடைக் கட்டியை வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளை ஒளித்து வைத்து விற்றார். சனம் அலைமோதியது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு அருகில் தம்பேதென்னத் தோட்டமும், அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் 'லிப்டன் ஆசனம்' என்ற மலையுச்சியும் இன்றும் இருக்கின்றன. பெட்டிகளில் திறந்து வைத்து நிறுத்து விற்கப்பட்ட தேயிலையைச் சிறு பைக்கற்றுகளில் அடைத்து, அளவையும் பெயரையும் அச்சிட்டார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு வருகிறது என்று விளம்பரம் செய்தார்.

லிப்டன் செய்ததில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. காசு ஒளித்த பாலாடைக் கட்டி கூட்டத்தைக் கூட்டியது. அளவும் தரமும் மாறாத பைக்கற்று அந்தக் கூட்டத்தை மறுபடி வரவைத்தது. இன்று டிக்டொக்கிலும் முகநூலிலும் முதலாவதை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்பவர்களே நிலைக்கிறார்கள். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க முத்திரைக்கும் அதுதான் பொருள். உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, அது இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்ற வாக்குறுதி அது. முத்திரை அழகாக இருப்பதால் யாரும் வாங்குவதில்லை.

இனி எங்கள் கடைக்கு வருகிறேன். வீட்டில் சமூக ஊடகத்தின் மீது முதலில் ஏற்பட்டது அச்சம். 2018 மார்ச்சில் திகனையில் வன்செயல் மூண்டபோது, வெறுப்புப் பேச்சு தொலைபேசிகள் வழியாகத்தான் பரவியது. அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. தன் தளம் அப்படிப் பயன்படுத்தப்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னரும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த மாதங்களில் எங்கள் கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். ஆனால் கொப்பியில் பெயரிருந்த குடும்பங்கள் வந்தன. "நானா, நீங்க சாப்புட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தன. தொலைபேசியில் பரவிய சொல்லைவிட, மூன்று தலைமுறையாகப் பழகிய முகம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஆகவே, தாத்தா ஒரு நாள் முகநூலில் பக்கம் திறக்கப்போவதாகச் சொன்னபோது வாப்பா உடனே சம்மதிக்காததில் ஆச்சரியமில்லை.

அது 2020. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. நோன்புப் பெருநாளை நம்பிப் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் வாப்பா சரக்கு எடுத்திருந்தார். பின்திகதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தார். சரக்கு கடைக்குள் பூட்டிக் கிடந்தது. காசோலையின் திகதி மட்டும் நெருங்கி வந்தது. இரவில் வாப்பா கணக்குப் போடும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே எண்ணுவது அவர் பழக்கம்.

"கடைக்கே ஆள் வரல்ல. போனுக்கா ஆள் வரப் போற?" என்றார் வாப்பா.

உம்மாவின் கேள்வி வேறு. "பொம்புளப் புள்ளட நம்பர ஊருக்கே குடுக்கவா?"

இந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இந்த மலரை வாசிக்கும் பெற்றோர் பலரின் மனதிலும் இதே கேள்விகள் இருக்கலாம் என்பதால் விடைகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அதே ஏப்ரலில்தான், 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலமும் இணையவழிக்கு மாறியது. அந்தச் செய்தியை தாத்தா வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். அவ்வளவு பெரிய ஏலமே வீட்டிலிருந்து நடக்கிறது என்றதும் வாப்பா கொஞ்சம் யோசித்தார்.

உம்மாவின் கேள்விக்கு தாத்தா எழுதி வைத்த நிபந்தனைகள் இவை. வியாபாரத்துக்கென்று தனி இலக்கம். அது வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் இயங்கும். 2018இல் சிறு வியாபாரிகளுக்காக வந்த அந்தச் செயலியில் பொருட்களின் பட்டியலைப் படத்தோடும் விலையோடும் வைக்கலாம், கடை நேரத்தை அறிவிக்கலாம். அந்தத் தொலைபேசி மண்டபத்து மேசையில் இருக்கும், உம்மாவும் பார்க்கலாம். இஷாவுக்குப் பிறகு பதில் இல்லை. படங்களில் துணி இருக்கும், தைக்கும் கை இருக்கும், முகம் இருக்காது. வீட்டு விலாசமும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் படமும் ஒருபோதும் போடப்படாது. தேவையற்ற செய்தி அனுப்புபவருக்குப் பதில் எழுதாமல், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டுத் தடுத்துவிடுவது. அவற்றுள் ஒன்றையும் தாத்தா இன்றுவரை மாற்றவில்லை. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய வேலையாக இல்லாமல், வீட்டார் அறிந்து நடக்கும் தொழிலாக அது இருந்ததே பெரிய பாதுகாப்பு. பிள்ளைக்கு ஒரு தொல்லை வந்தால் அவள் முதலில் உம்மாவிடம் சொல்லக்கூடிய நிலை வீட்டில் இருக்க வேண்டும். எந்தச் செயலியிலும் அந்த வசதி இல்லை.

முதலில் விற்றது கடையில் கிடந்த பெருநாள் துணி. கொப்பியில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் இலக்கங்களை வாப்பா ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்ல, தாத்தா சேமித்துக்கொண்டார். ஸ்டேட்டஸில் படம் போட்ட முதல் வாரத்தில் ஒன்பது பேர் கேட்டார்கள். ஊரடங்கு தளர்ந்த நாட்களில் ஐவர் எடுத்தார்கள். காசோலை முழுவதையும் அது தீர்க்கவில்லை. மொத்த வியாபாரி தவணை கொடுத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தொலைபேசிக்கு ஆள் வரும், ஆனால் முதலில் வருபவர்கள் ஏற்கனவே உங்களை அறிந்தவர்கள்.

பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். பணம் கட்டி ஒரு பதிவைப் பலருக்குக் காட்டுவதைப் பூஸ்ட் என்கிறோம். முழு இலங்கைக்கும் அதைக் காட்டினால் லைக் குவியும், பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் காலியில் இருந்து லைக் போட்டவர் ஹட்டனுக்கு வந்து துணி எடுக்கப் போவதில்லை. ஊர், வயது, மொழி என்று தெரிவுசெய்ய வசதி இருக்கிறது. ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை என்று சிறிய வட்டத்துக்குள் சம்பள வாரத்தில் மட்டும் காட்டினால் அதே காசு பலமடங்கு வேலை செய்யும். வாசகமும் மூன்று மொழியில் வேண்டும். எங்கள் கடைக்குத் தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் வருகிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். எழுதத் தயங்கும் அக்காமாருக்குக் குரல் பதிவு. தாத்தாவின் தொலைபேசியில் வரும் ஓடர்களில் பாதி, யாரோ ஒருவர் கொழுந்து நிறுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே பேசியவை.

விலையை மறைக்கக்கூடாது என்பது அடுத்த பாடம். 'விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்' என்று போடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. கேட்பவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற எண்ணம்தான் அதனால் வரும். கடையில் விலையை வாடிக்கையாளர் காணும்படி வைக்க வேண்டும் என்பது நாட்டின் நுகர்வோர் சட்டம். தொலைபேசிக் கடைக்கும் அதே நாணயம் வேண்டும் என்பது வாப்பாவின் கட்டளை. அந்த விலையைக் கணக்கிடும்போது துணி, நூல், தையல் கூலியோடு பை, கூரியர், ரீலோட் காசு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் பெண்கள் அநேகமாகத் தம் நேரத்துக்கு விலை போடுவதில்லை. மாத முடிவில் விற்பனை இருக்கும், கையில் மிச்சம் இருக்காது.

படமும் ஒரு நிறுவைதான். எங்கள் ஊர் மூடுபனியில் மாலை ஐந்து மணிக்கு எடுத்த படத்தில் மஞ்சள் வேறாகத் தெரியும். காலையில் சன்னலோரம் வைத்து, வடிகட்டி எதுவும் போடாமல் எடுத்தால்தான் துணியின் உண்மை நிறம் வரும். ஓரத்தில் ஒரு நூல் இழுத்திருந்தால் அதையும் படமெடுத்துப் போட்டு, விலையைக் குறைத்து எழுதுவார் தாத்தா. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருந்ததைக் கண்டு, அதை மேலே போட்டு மக்கள் பார்க்கும்படி வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சி நாம் எல்லோரும் அறிந்தது. வாங்குபவர் தொட்டுப் பார்க்க முடியாத இணையக் கடையில் அந்த ஈரத்தை மறைப்பது மிக எளிது. அதனால்தான் அங்கே அமானிதம் இன்னும் பாரமானது. பெண்கள் வியாபாரம் செய்யலாமா என்று யாரேனும் கேட்டால், வணிகக் கூட்டங்களைச் சிரியாவுக்கு அனுப்பிய அன்னை கதீஜா (ரழி) அவர்களின் வரலாற்றை உம்மா இப்போது சொல்லிக் காட்டுகிறார்.

ஏமாற்று வாங்குபவர் பக்கத்திலிருந்தும் வரும். வங்கியில் பணம் போட்டதாகப் போலியான சிட்டையின் படத்தை அனுப்பிப் பொருளை வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு. சிட்டையைப் பார்த்து அனுப்பாமல், வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்ட வேண்டும். பரிசு விழுந்திருக்கிறது, இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று வரும் அழைப்புக்கு ஓர் எண்கூடச் சொல்லக்கூடாது.

இவ்வளவும் சரியாக நடந்த பிறகுதான் அந்த மூன்றாவது விடயம் குறுக்கே வந்து நின்றது. ஒரு தோட்டத்து அக்கா பிள்ளைகளுக்குத் தீபாவளிச் சட்டை கேட்டிருந்தார். விலாசம் அனுப்பும்படி தாத்தா எழுதினார். அரைமணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது.

"எங்க வீட்டுக்கு எந்தத் தபால்காரரு வந்தாரு தங்கச்சி? நீங்க பாட்டுக்கு அட்ரஸ் கேக்குறீங்க!"

கூரியர் வண்டி பிரதான வீதியோடு நின்றுவிடும். சாரதி அழைக்கும்போது அந்த அக்கா மலையில் இருப்பார், சில சரிவுகளில் சிக்னல் இருக்காது. இரண்டு முறை அழைத்துப் பதிலில்லாவிட்டால் பார்சல் திரும்பி வரும். பொருள் கையில் கிடைத்த பின் பணம் கொடுக்கும் முறையில் அனுப்பியிருந்தால் போன செலவும் வந்த செலவும் விற்பவர் தலையில். உலகம் முழுவதையும் இணைத்த வலை, கடைசி இரண்டு கிலோமீற்றரில் அறுந்து கிடந்தது.

வாப்பா அலுமாரியைத் திறந்து அப்பாவின் கொப்பியை எடுத்து வந்தார். "இத மாதிரி எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். தாத்தா தொலைபேசியில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயருக்குக் கீழேயும் அடையாளத்தை எழுதத் தொடங்கினார்: கோயில், பீலி, பிள்ளை மடுவம், கொழுந்து நிறுக்கும் இடம். பிறகு மூன்று தோட்டத்துக் கடைகளில் பேசிப் பார்சல்களை அங்கே வைக்க ஒழுங்கு செய்தார். வேலை முடிந்து அரிசி, மா வாங்க வருகிறவர்கள் அதையும் எடுத்துக்கொள்வார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் முச்சக்கரவண்டி ஒன்று வெறுமையாகத் திரும்பும் நேரத்தில் அவற்றைக் கொண்டு போகும். கடைக்காரருக்கும் சாரதிக்கும் ஒரு சிறு பங்கு. திரும்பி வரும் பார்சல்கள் மிகக் குறைந்தன. பொட்டணி மறுபடி தோட்டத்துக்கு நடக்கத் தொடங்கியது.

2022 இந்த ஏற்பாட்டைப் பரீட்சித்துப் பார்த்தது. எரிபொருள் இல்லை. மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது. ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டு, அன்றைக்கே திரும்பி வந்தன. முகநூலில் மட்டும் கடை வைத்திருந்தவர்களுக்கு அன்று கதவு எங்கே என்றே தெரியவில்லை. முகநூல் பக்கம் என்பது பிறருடைய காணியில் நாம் போட்ட கொட்டில். காணிக்காரர் விதியை மாற்றலாம், அரசாங்கம் பாதையை மூடலாம், யாரோ கணக்கைத் திருடலாம். வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் நம் கையில் ஒரு கொப்பியில் இருந்தால் வேறிடத்தில் மறுபடி கூரை போட்டுக்கொள்ளலாம். தாத்தா ஒவ்வொரு மாத முடிவிலும் தொலைபேசியிலிருந்து கொப்பிக்குப் பார்த்து எழுதுகிறார். அந்தக் கொப்பி பூட்டிய அலுமாரியில் இருக்கும். பிறர் நம்பித் தந்த இலக்கத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022இல் நாட்டில் ஒரு சட்டமும் நிறைவேறியிருக்கிறது.

அந்த நெருக்கடியில்தான் தையல் வேலை தோட்டத்துக்குள் போனது. இறக்குமதித் துணியின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியதால், கடையில் எஞ்சியிருந்த துணியைச் சட்டையாகவும் அபாயாவாகவும் தைத்து விற்க தாத்தா முடிவு செய்தார். விலாசம் இல்லை என்று சொன்ன அந்த அக்காவிடம் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. அவரும், அதே லயத்தில் இன்னும் இருவரும் தைக்கிறார்கள். கொழுந்து மலையில் ஒரு நாள் பேர் போட ஓடுகிற ஓட்டம் அவர்களுக்குத் தெரியும். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்ட பிறகும், கிலோக் கணக்குக் குறைந்தால் முழுப் பேர் விழாது என்பதும் தெரியும். தையலில் ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, வெள்ளிக்கிழமை தோறும் கூலி கொடுக்கப்படுகிறது. பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஒருவரின் மகளுக்கு டியூஷன் காசும், இன்னொருவர் வீட்டில் கூரைத் தகரமும் அதிலிருந்து வந்தன.

அவர்களுடைய பெயரைச் சட்டைகளின் சிறு அட்டையில் போடலாமா என்று தாத்தா கேட்டார். வாப்பாவுக்கு அது புதிதாக இருந்தது. கடையின் பெயர்தானே போட வேண்டும்? தைப்பவருடைய பெயரைப் போட்டால் நாளைக்கு வாடிக்கையாளர் நேரே அவரிடமே போய்விட மாட்டாரா? வியாபாரக் கணக்கில் அது சரியான கேள்வி. இரண்டு நாள் பேச்சில்லாமல் போனது. மூன்றாம் நாள் காலை, "அப்பா இந்தியாவுக்குப் போனவங்கட பேரயும் வச்சுக்கிட்டு இருந்தாரே" என்று மட்டும் சொல்லிவிட்டு வாப்பா கடைக்குப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீடுகளிலும் ஏதோ ஒரு கைத்திறன் இருக்கும். கேக், அச்சாறு, மருதாணி, தையல், வீட்டுத் தோட்டத்து மரக்கறி என்று எதுவாகவும் இருக்கலாம். தொலைபேசி அதை நாலு பேருக்குக் காட்டித் தரும். ஆனால் பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு கொப்பியைத் திறவுங்கள். முதலில் உங்களை அறிந்த இருபது பேரின் பெயரை எழுதுங்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், பொருள் எப்படி அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதுங்கள். பெற்றோரே, அந்தக் கொப்பியைப் பிள்ளையோடு சேர்ந்து இருந்து எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஊரும் ஆட்களும் பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்த தொலைபேசி உங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கடை பிழைத்தது இந்த இரண்டும் ஒரே மேசைக்கு வந்ததால்தான்.

சென்ற தீபாவளிக்கு முன் கொழும்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். போன முறை சட்டை தைத்த அந்த அக்காவே இம்முறையும் தைக்க வேண்டும் என்று பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார். தாத்தா அந்தச் செய்தியைக் குரலில் வாசித்து அக்காவுக்கு அனுப்பினார். பதிலுக்கு நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி வந்தது.

"என் பேரச் சொல்லியா கேட்டாங்க, தங்கச்சி?"